பந்தும் பந்தயமும்

தாம்பரத்தில் மின்ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, நேரு விளையாட்டரங்குக்கு நடக்கும் கால்பந்து ரசிகர்கள் நாங்கள். கோல் அடிப்பவரினும், பந்து செல்லவேண்டிய திசையை முன்னதாகவே கண்டுகொள்ளும் நடுக்கள வீரரே எங்கள் நாயகர். 2014இல் சென்னையின் எஃப்.சி.யின் எலானோ எட்டு கோல்கள் அடித்துத் தொடரில் முதலிடம் பெற்றார். எங்கள் நினைவில் நிற்பதோ அவர் பந்தைப் பகிர்ந்த நேர்த்தி.

2015 விசித்திரமான ஆண்டு. சூதாட்ட விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஜூலையில் இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. டிசம்பரில் முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியது, சென்னையின் எஃப்.சி. தன் சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடியது. டிசம்பர் 20 அன்று கோவாவில் 2-1 எனப் பின்தங்கியிருந்த அணி, கடைசி நிமிடங்களில் விழுந்த இரு கோல்களால் கோப்பையை வென்றது. வீட்டுச் சேறு காயாத எங்களுக்கு அது வெறும் ஆட்டமன்று.

முடிவு தெரியாதிருத்தலே ஆட்டத்தின் உயிர். அந்த முடிவு விலைக்குக் கிடைக்குமோ என்ற ஐயம் நுழைந்துவிட்டால், கைதட்டக் கை எழாது. ஆகவே, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை வரவேற்றோம். ஆனால் அடுத்த மாதம் தொடங்கியிருக்கவேண்டிய ஐ.எஸ்.எல்., உரிம ஒப்பந்தச் சிக்கலால் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. சூதைத் தடுக்கச் சட்டம் உண்டு, ஆட்டத்தைக் காக்க?