குரலும் கடலும்

எண்பதுகளில் வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்களின் வீடுகளிலிருந்து கடிதத்தோடு கெஸட்டும் போய் வந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு அதுவே கடிதம். எழுதத் தெரிந்தவர்களுக்கும் எழுத்தில் அடங்காததைச் சொல்ல அது தேவைப்பட்டது. 1986இல், றியாத்தில் சாரதியாக இருந்த வாப்பாவுக்கு உம்மா பேசி அனுப்பிய அறுபது நிமிடக் கெஸட்டொன்று பிறகு வாப்பாவின் பெட்டியோடு ஊர் திரும்பியது. உம்மாவின் குரலென்று எங்களிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

உம்மா 1999இல் மௌத்தானார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் வீட்டை அத்திவாரத்தோடு கொண்டு போனது. கெஸட் கொழும்பில் என் அலுமாரியில் இருந்ததால் தப்பியது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்வது என் பிழைப்பு. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் ஒலியைச் செப்பனிட்டுக் கொடுப்பவன். ஆனாலும் அந்தக் கெஸட்டைத் தொட இத்தனை வருடங்கள் துணிவு வரவில்லை. போன வருடந்தான் அதைக் கம்பியூட்டரில் ஏற்றி, ஈக்குவலைசரைத் திறந்தேன்.

ஈக்குவலைசர் என்றால் சமப்படுத்துவது. நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் போகும் குரல் தன் உயர்ந்த மீடிறன்களை வழியிலேயே இழந்துவிடும். அப்படி இழந்ததை ஈடுசெய்து, புறப்பட்ட குரலுக்குச் சமமாக்கும் தேவையிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. பிறகு வானொலியும் சினிமாவும் இசைத்தட்டும் அதைத் தமதாக்கிக்கொண்டன. எந்த மீடிறனை, எவ்வளவு அகலத்தில், எத்தனை டெசிபெல் கூட்டுவது அல்லது குறைப்பது என்று தனித்தனியாகத் தீர்மானிக்கும் வகையைப் பற்றி ஜோர்ஜ் மாசென்பர்க் 1972இல் ஆய்வுரை வாசித்தார். இன்று எங்கள் திரையில் வளையும் கோடு அந்த வழியில் வந்தது.

இந்தத் தொழிலில் முதற்பாடம், கூட்டுவதற்கு முன் குறைத்துப் பார் என்பது. இரண்டாவது, மாற்றியதையும் மாற்றாததையும் ஒரே சத்த அளவில் வைத்து ஒப்பிடு என்பது. சத்தம் சற்றுக் கூடினாலே நல்லாயிருக்கிறதென்று காது ஏமாந்துபோகும்.

பாடத்தின்படியே தொடங்கினேன். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே றெக்கோடரின் மோட்டார் உறுமல், வெட்டினேன். சின்ன அறையில் பேசியதால் 350 ஹேர்ட்ஸ் அளவில் பானைக்குள்ளிருந்து வருவது போன்ற முழக்கம். 4 டெசிபெல் குறைத்தேன். 8000க்கு மேலே நாடாவின் சீறல், அதையும் இறக்கினேன்.

மிஞ்சியது கடல். அந்தக் காலத்து றெக்கோடர், சத்தம் குறைந்தால் தானாகவே பதிவின் அளவைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே, உம்மா பேச்சை நிறுத்தி மூச்செடுக்கும் ஒவ்வொரு தடவையும் அலை எழுந்து அறைக்குள் வந்தது. வீட்டைக் கொண்டுபோன கடல். அதை வாப்பா கேட்கக் கூடாதென்று நினைத்தேன். அலையிரைச்சல் ஓரிடத்தில் நிற்பதில்லை; தாழ்ந்த மீடிறனிலிருந்து உயர்ந்தது வரை பரவிக் கிடக்கும். குரலுக்குச் சேதமில்லாமல் ஈக்குவலைசரால் மட்டும் அதைப் பிரிக்க முடியாது. எனவே வெட்டை 180 வரை உயர்த்தினேன். உம்மா மௌனமாகும் இடங்களில் ஒலியையே பூச்சியமாக்கினேன். இரண்டு இரவுகள் போயின. குரல் மட்டும் நின்றது. நல்ல வேலையென்றுதான் நினைத்தேன்.

வாப்பா இப்போது ஊரின் உட்பக்கம் கட்டிய வீட்டில் இருக்கிறார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். ஐந்து நிமிடத்தில் கழற்றினார்.

"உம்மாட குரல்தான் மகன். சில சொல்லு விளங்குதில்ல. கடல் எங்க?"

"இரைச்சலெண்டு எடுத்துட்டன் வாப்பா."

சற்று நேரம் பேசாமலிருந்தார். "றியாத்தில கடல் இல்ல மகன். நான் அதையுந்தானே கேட்டுக் கேட்டுக் கிடந்த."

இரண்டு பிழைகளையும் அன்றிரவே விளங்கிக்கொண்டேன். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த மீடிறன்களை. ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் பெரிதும் தங்கியிருப்பதும் அங்கேதான். சீறலோடு சேர்த்து, அவருக்கு எஞ்சியிருந்த கொஞ்சத்தையும் நான் வெட்டியிருந்தேன். மற்றது தொழில்நுட்பப் பிழையல்ல. கடலைப் பற்றிய என் பயத்தை அவருடையதென்று எண்ணியது. உம்மா பேசாதிருந்த இடங்களை வெறுமை என்று எண்ணியது.

மூலப்பதிவு பத்திரமாக இருந்தது. மறுபடி தொடங்கினேன். வெட்டை 60க்குக் கீழே கொண்டுபோய்ச் சரிவாக விட்டேன். 350இல் குறைத்ததை 2 டெசிபெல் ஆக்கினேன். சொல் தெளியட்டுமென்று 3000 பக்கம் 2 டெசிபெல் கூட்டினேன். சீறலைத் தொடவில்லை. மௌனங்களைத் திருப்பிக் கொடுத்தேன். முழுவதற்கும் அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

சமப்படுத்துவதென்றால் எதற்குச் சமமாக என்ற கேள்வி உண்டு. இருபது வருடங்களாக இந்தத் தொழிலில் இருந்தும் அதை நான் கேட்டதில்லை. அந்த அறையில் உம்மா பேசிய குரலுக்கா? றியாத்தில் வாப்பா கேட்ட குரலுக்கா?

இரண்டாவது பதிவை வாப்பா முழுவதுமாகக் கேட்டார். முதற்பக்கம் முடிந்ததும், கெஸட்டைத் திருப்பிப் போடுவதற்குப் போல அவரது கை தானாக நீண்டது.