கடைசி நாள் இல்லாத ஆலை

என்.டி.சி. தொழிலாளர்கள் கோவையில் ஆர்ப்பாட்டம் என்று நாலு வரிச் செய்தி அடிக்கடி கண்ணில் படும். நிலுவைச் சம்பளத்தைக் கொடு, ஆலையைத் திற, இரண்டே கோரிக்கை. படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவதுதான் என் வழக்கம். அன்னூர்ப் பக்கம் சின்னதாக நூற்பாலை வைத்திருக்கும் நண்பர் இந்த முறை அப்படித் திருப்ப விடவில்லை. "நம்ம மில்லுல என்.டி.சி.காரர் ஒருத்தர் வேலைக்கு வந்திருக்கார். லீவு கிடைச்சா வேட்டி துண்டு வாங்கிட்டு யார் யார் வீட்டுக்கோ போறார். கேட்டா, எனக்கு நானே ரிட்டயர்மெண்ட் நடத்திக்கிறேன்கிறார். ஒருக்கா வந்து பாருங்க" என்றார்.

ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என்.டி.சி. என்கிற தேசியப் பஞ்சாலைக் கழகம் 1968-இல் தொடங்கியது. நலிந்துபோன தனியார் ஆலைகளை 1974-இல் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டபோது அவற்றை இந்தக் கழகத்தின் கையில் கொடுத்தது. கோவைக்குப் பஞ்சாலை நகரம் என்ற பெயரைத் தொடங்கி வைத்த, 1888-ஆம் வருடத்து ஸ்டேன்ஸ் மில்லும் பின்னாளில் இதன் ஆலைதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் 23 ஆலைகள் கழகத்திடம் ஓடிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டில் 7, அதில் 5 கோவையில். எல்லாம் ஒன்றாக நின்றன. நடுவில் சில ஆலைகளைக் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்ததோடு சரி. மூடிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. திறக்கிறோம் என்றும் சொல்லவில்லை.

அன்னூர் மில்லுக்குள் நுழைந்ததும் முதலில் தாக்கியது சத்தம். பிறகு அந்தப் புழுக்கம். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுபடும் என்பதால் உள்ளே எப்போதும் ஈரக்காற்று ஓடுகிறது. புளோ ரூம், கார்டிங், டிராயிங் என்று பஞ்சு நூலாகும் வழியை மேலாளர் ஆர்வமாக விளக்கிக்கொண்டே வந்தார். பெரிய பெரிய டப்பாக்களுக்குள் பஞ்சு கயிறு கயிறாக இறங்குவதைத் தவிர அங்கே பார்க்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ரிங் பிரேம் பகுதிக்கு வந்ததும்தான் கால் நின்றது.

நீளமான இயந்திரம், இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் கதிர்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்குப் பதினைந்து பதினாறாயிரம் சுற்று சுற்றுகிறது. கதிரைச் சுற்றி இருக்கும் இரும்பு வளையத்தின் விளிம்பில் டிராவலர் என்று ஒரு துணுக்கு ஓடுகிறது. நகக்கண் அளவுகூட இல்லாத எஃகு வளைவு. நூலைக் கூட்டிக்கொண்டு ஓடி முறுக்கேற்றுவது அதுதான். 40 மில்லிமீட்டர் வளையத்தில், 16,000 சுற்றில் கணக்குப் போட்டால் அந்தத் துணுக்கு மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எண்ணெயும் கிடையாது, உருளையும் கிடையாது. உரசிச் சூடாகித் தேய்ந்து தெறித்துவிடும். பிறகு வேறொன்றை மாட்ட வேண்டும்.

நம் ஆள் (பெயர் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்) அறுபதைத் தொடப்போகிறவர். நின்றுகொண்டிருந்தவர் திடீரென நாலு தப்படி நடந்து, ஒரு கதிரின் பிரேக்கை முழங்காலால் அழுத்தி நிறுத்தினார். விரல்கள் என்னவோ செய்தன. கதிர் மறுபடி ஓடியது. நான் பார்த்தது அவ்வளவுதான். இன்னொரு முறை மெதுவாகச் செய்து காட்டச் சொன்னேன். "மெதுவா செஞ்சா வராதுங்க" என்றார். கடைசியில் ஒவ்வொரு கட்டமாக வாயால் சொன்னார்.

அறுந்த நூலின் முனையைக் கதிரில் சுற்றிய நூலிலிருந்து தேடி எடுக்க வேண்டும். அதை டிராவலரில் கோத்து, மேலே இருக்கும் கம்பிக் கொக்கியில் நுழைத்துக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக்கை விட்ட நொடியில் கதிர் சுழன்று, கையிலிருக்கும் நூலில் முறுக்கு ஏறும். அந்த நொடிக்குள்ளேயே முனையை முன் உருளையின் வாயில் வழிந்துவரும் பஞ்சோடு தொட்டு விட்டுவிட வேண்டும். விடுகிற கை பிந்தினால் அந்த இடம் தடித்துப்போகும். முந்தினால் இழை சேராது. பீசிங் என்பது இதுதான். ஓப்பன் எண்ட் மாதிரியான இயந்திரங்களில் இணைப்பையும் இயந்திரமே போட்டுக்கொள்ளும். ரிங் பிரேமில் இன்னும் பெரும்பாலும் மனிதக் கைதான்.

40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் நாற்பது இருக்கும். நீட்டிப் போட்டால் 30 கிலோமீட்டருக்கு மேல். இவர் கையில் ஓடிய நூலின் நீளத்தைக் கணக்கிட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் பதிலியாக மில் கேட்டில் போய் நின்றவர் இவர். பதிலிக்கு வேலை நிச்சயம் இல்லை. சங்கு ஊதும் முன்பே கேட்டுக்கு வந்துவிட வேண்டும். யாராவது வரவில்லை என்றால் மேஸ்திரி விரலை நீட்டுவார், அன்றைக்குச் சம்பளம். இல்லையென்றால் வீட்டுக்கு நடை. சும்மா திரும்பும் நாட்களில் வீட்டுக்குப் போகாமல் உள்ளே நுழைந்து ஒரு சைடர் பக்கத்தில் நிற்பாராம். இரண்டு பக்கக் கதிர்களைப் பார்த்துக்கொள்கிறவர் சைடர். அந்த மனிதர் தன் பக்கத்துக் கதிர்களையே பழகக் கொடுத்திருக்கிறார்.

"நாம் போட்ட பீசிங் எல்லாம் அறுந்து அறுந்து வேஸ்ட்டு சேருமுங்க. அது அவரு கணக்குல ஏறும். மேஸ்திரி வந்து அவரைத்தான் வாய்க்கு வந்தபடி பேசுவாரு. இவன் போட்டதுன்னு ஒரு நாள்கூட என்னையக் காட்டிக் குடுத்ததில்லீங்க. மேஸ்திரி அந்தப்பக்கம் போனதும் பொடனியில ஒண்ணு விழும். அது வேற."

அடி விழுந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஆலைகளில் அந்தக் காலத்துக் குருபக்தியைப் பேசும்போது நாம் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும். விரல் நீட்டுகிற மேஸ்திரிக்கு மாமூல் போனதும், சொந்தக்காரனுக்கும் சாதிக்காரனுக்கும் முதலில் விரல் நீண்டதும் கோவையில் யாரும் மறந்துவிடவில்லை. இவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் இவருடைய சாதியும் இல்லை, ஊரும் இல்லை. அதனால்தான் இவரும் மறக்கவில்லையோ என்னவோ.

ரிட்டயர்மெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். மில்லில் ஒருவர் ஓய்வு பெறும் நாள் சாதாரண நாள் அல்ல. ஷிப்ட் முடிந்ததும் மாலை போட்டு, இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து, கேட் வரைக்கும் கூட்டமாகக் கூட்டிவருவார்கள். சங்கத்தில் இருந்து சால்வை, டிபார்ட்மெண்ட் வசூலில் ஒரு கடிகாரமோ குத்துவிளக்கோ. ஓய்வு பெறுகிறவர் பதிலுக்கு எல்லோருக்கும் டீயும் காரமும் வாங்கித் தருவார். தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரை அன்றைக்குக் கேட்டுக்கு வரவழைத்துக் காலில் விழுவார். அந்த ஒரு நாளுக்காக ஆயுத பூஜைக்கு எடுத்த சட்டையை மடித்து வைத்திருப்பவர்கள் உண்டு.

2020 மார்ச்சில் ஷிப்ட் முடித்து வெளியே வந்தவர்களுக்கு அது கடைசி ஷிப்ட் என்று தெரியாது. லாக்கரில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். "ஊரடங்கு முடிஞ்சா வரப்போறோமேன்னு யாருகிட்டயும் சொல்லிக்காமக்கூட வந்துட்டேனுங்க. அப்புறம் பாதிச் சம்பளம் வந்துச்சு. அதுவும் வந்தா வரும். வயசாகி ரிட்டயர் ஆனவங்களுக்கு லெட்டரு மட்டும் வீட்டுக்கு வந்துச்சு. கேட்டே தொறக்கல, எங்க போயி மாலை போடறது?"

எனக்கு இதில் எரிச்சல் மூட்டுவது ஒன்று உண்டு. பணிக்கொடைச் சட்டம் 1972-இல் வந்தது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று அதில் கணக்கு வைத்தார்கள். இவர்கள் அதைக் கேட்டுத் தெருவில் நிற்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் ஒரு ஆலையை மூடாமலும் திறக்காமலும் வருடக்கணக்கில் போட்டு வைத்தால், சக தொழிலாளியிடம் விடைபெறும் நாளையும் சேர்த்தே பறிக்கிறோம் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. அதற்கு இழப்பீடு கேட்க எந்தச் சங்கத்துக்கும் தோன்றாது. இவருக்குத் தோன்றியது பட்டியல் போடுவது. பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் பெயர்கள். பீசிங் சொல்லிக்கொடுத்தவர், பர்மனெண்ட் ஆக்கச் சொல்லிச் சங்கத்தில் வாதாடியவர், மனைவிக்குப் பிரசவம் ஆன வாரம் இவர் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர், கேண்டீனில் கடன் வைத்துச் சோறு போட்டவர். சில பெயர்களுக்கு எதிரே சிலுவைக் குறி. அந்த வீடுகளுக்கும் போய் அவர்கள் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பீசிங் சொல்லிக்கொடுத்தவரின் சிங்காநல்லூர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். ஓட்டு வீடு, வாசலில் வேம்பு. மனிதருக்கு எண்பது தாண்டிவிட்டது, காது சுத்தமாகக் கேட்காது. வாழ்நாள் முழுக்க அந்த இரைச்சலுக்குள் நின்றவர்கள் பலருக்கு இது வருவதுண்டு. ஆனால் இவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில் ஒரு சிரமமும் இல்லை. ரிங் பிரேம் ஓடும்போது கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது என்பதால் ஷெட்டில் எல்லாமே கைச்சாடைதான். கட்டை விரலை வாயருகே கொண்டுபோனால் டீ. மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு கையையும் விரித்தால் பவர் கட். மில்லில் பழகிய அந்த மொழியிலேயே நலம் விசாரித்தார்கள், பேரன் படிப்பைப் பேசினார்கள், யாரையோ திட்டினார்கள். எனக்கு நடுநடுவே மொழிபெயர்ப்பு கிடைத்தது.

தட்டில் தேங்காய் பழம் வெற்றிலையோடு வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுத்துவிட்டு இவர் காலில் விழுந்தார். பெரியவர் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு வேட்டியைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி இரண்டு விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"எவன்டா போட்ட பீசிங்கு இது? கட்டெறும்பு மாதிரி நிக்குது."

வாய்விட்டே சொன்னார், காது கேட்காதவர்கள் பேசும் அந்த உரத்த குரலில். நான் குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. இவர் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அன்றைக்கு ஏன் உங்கள் கதிரில் பழகவிட்டீர்கள் என்று அவரிடம் கேட்கச் சொன்னேன். சாடையில் கேள்வி போனது. எனக்கும் சேர்த்துப் பதில் சத்தமாகவே வந்தது: "இவன் கத்துக்கிட்டாத்தானே நான் டீ குடிக்கப் போவ முடியும்? சும்மாவா சொல்லிக் குடுத்தேன்?"

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இவர் சுமந்த கடனுக்குப் பின்னால் இருந்தது ஒரு டம்ளர் டீ. இவர் அதற்கும் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பும் வழியில் அன்னூர் மில்லின் ஒடிசாப் பையன்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே இவருக்கு வேலையே புதிதாக வருகிற பையன்களைப் பழக்குவது. "பசங்க நல்ல பசங்க. கை நல்லா ஓடுதுங்க. ஆனா மூணு மாசம் நின்னாப் பெரிசு" என்றார். ஏன் நிற்பதில்லை என்பதற்குப் பையன்களிடம் குறை தேடிப் பயனில்லை. ஆளைக் கூட்டி வருகிற ஏஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவு, தினக்கூலியில் இவ்வளவு என்று பிடித்தம். பையன் ஒரே மில்லில் வேரூன்றிவிட்டால் ஏஜெண்டுக்கு என்ன லாபம்? வேறு மில்லுக்கு மாற்றினால் மறுபடி கமிஷன். முதலாளிகளுக்கும் இது வசதிதான். பி.எப். இல்லை, பர்மனெண்ட் கேட்கும் வாய் இல்லை, சங்கம் இல்லை. நூலில் தரம் இல்லை என்று ஏற்றுமதிக் கூட்டங்களில் மட்டும் புலம்புவார்கள். ஒருவன் போட்ட வேஸ்ட்டை இன்னொருவன் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டுமென்றால் அந்த இன்னொருவனுக்கு நாளைக்கும் அதே இயந்திரத்தின் முன்னால் வேலை இருக்கும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தரகனிடம் விற்றுவிட்டுத் திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று பேசுவது கேட்கச் சகிக்கவில்லை. நண்பரிடமும் இதைச் சொன்னேன். மின் கட்டணத்தையும் பஞ்சு விலையையும் காட்டினார். இரண்டும் உண்மைதான். பையன்களுக்கு அது பதிலாகாது.

நம் ஆள் வீட்டில் டீ குடிக்கும்போது டைரியை மறுபடி வாங்கிப் பார்த்தேன். கடைசியில் ஒரு பெயர் எழுதி, அடித்து, மறுபடி மேலே எழுதியிருந்தது. டைம் ஆபீஸ் கிளார்க்காம். பதிலிக் காலத்தில் இவர் வந்த நாட்களை விடாமல் பதிந்து, பர்மனெண்ட் கேஸில் அந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டியவர். பின்னால் ஒரு வேலை நிறுத்தத்தின்போது கேட்டில் எல்லோரும் நிற்க, போலீஸ் வேனில் உள்ளே போனவரும் அவரே. அன்று முதல் இவருக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"அந்தாளுக்கு எதுக்குங்க வேட்டி?" என்றார் இவர் மனைவி, என்னைப் பார்த்து.

"அட, நாள் பதிஞ்சது பதிஞ்சதுதானே" என்றார் இவர்.

"கேட்டுல நின்னு நீங்க திட்டுனதும் திட்டுனதுதான்."

"அதையும் சொல்லிப்போட்டுத்தான் குடுக்கப்போறேன்" என்றவர் என் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கணபதி வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். பஸ்ஸில் தேங்காய்த் தட்டோடு போவது சிரமமாம்.