ஓர் அச்சுப்பொறியும் மூன்று கணினிகளும்

பகிர்தல் என்னும் சொல்லுக்குக் கடற்கரை ஊர்களில் தெளிவான பொருள் உண்டு. கரைவலையைப் பலர் கூடி இழுக்கின்றனர். மடியில் விழுந்த மீன் கரை சேர்ந்ததும் வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, இழுத்த கைகளுக்கு ஒரு பங்கு என்று முறைப்படி பிரிக்கப்படுகிறது. பொதுவில் உழைத்தோம் என்பதற்காக எவரும் தம் விருப்பம்போல் அள்ளிச் செல்வதில்லை. முறை உள்ள இடத்திலேயே பகிர்வு நிலைக்கும். கணினிகளை இணைத்துக் கோப்புகளையும் அச்சுப்பொறியையும் பொதுவாக்க முற்பட்டபோது நாங்கள் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே.

எங்கள் அக்காள்மடம் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்திற்கும் இடையில் அமைந்த சிற்றூர். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரார் மொழியில் அவை வடகடலும் தென்கடலும். 1914இல் இரயில் பாலமும், 1988இல் சாலைப் பாலமும், 2025இல் புதிய இரயில் பாலமும் இத்தீவை நிலத்தோடு பிணைத்தன. இணைப்பின் அருமையைத் தீவில் பிறந்தோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழ் பயின்ற நாங்கள் சிலர் சேர்ந்து, ஊர்ப் பெரியவர்களிடம் கடல்சார் சொற்களைக் கேட்டுத் தொகுக்கலானோம். காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், வலையின் உறுப்புகள், மீன்வகைகள் என அச்சொற்கள் பெருகின. அவற்றுள் பல எந்த அகராதியிலும் இடம்பெறாதவை. அவற்றைச் சொல்லும் பெரியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலால் எங்கள் பணியில் காலந்தாழ்த்த இடமில்லை.

ஓர் அறையில் பழைய கணினிகள் மூன்று இருந்தன. அச்சுப்பொறி ஒன்றே. அது மூலையிலிருந்த கணினியோடு கட்டுண்டு கிடந்தது. மற்ற இரண்டில் எழுதியவற்றைப் பென்டிரைவில் ஏற்றி அங்கே கொண்டுசென்று அச்சிடுவோம். நாளடைவில் ஒரே தொகுப்பு மூன்று கணினிகளிலும் மூன்று படிகளாக வளர்ந்தது. அச்சிட்ட தாள்களை ஒரு முதிய மீனவரிடம் சரிபார்க்கக் கொடுத்தோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பிகளா, இந்தக் காத்துக்கு முந்தின தாள்ல ஒண்ணு எழுதியிருக்கீங்க, இதுல வேற எழுதியிருக்கீங்க. வடகடல்காரன் சொன்னதா, தென்கடல்காரன் சொன்னதா? ரெண்டையும் ஒரே எடத்துல எழுதினாத்தானே படிக்கிறவனுக்கு வெளங்கும்?"

இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுவதற்கே பிணையம் தேவைப்பட்டது. இத்தேவை எங்களுக்கு மட்டும் உரியதன்று. உள்ளகப் பிணையம் பிறந்த வரலாற்றிலும் ஒரு தீவுக்கூட்டமும் ஓர் அச்சுப்பொறியும் உண்டு. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், தீவுகளில் சிதறிக் கிடந்த வளாகங்களை வானொலி அலைவழியே ஒரு கணினியோடு இணைத்தனர். அலோஹா என்பது அவ்வமைப்பின் பெயர். இருவர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால் அவை மோதிச் சிதையும். அப்போது இருவரும் வெவ்வேறு அளவு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். இக்கருத்தை ஊன்றிக் கற்ற இராபர்ட் மெட்காஃப், கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றினார். கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கிய லேசர் அச்சுப்பொறியும், ஆல்டோ என்னும் கணினிகளும் அங்கே இருந்தன. பல கணினிகள் அவ்வோர் அச்சுப்பொறியைப் பயன்படுத்துவதற்கு வழி காண வேண்டியிருந்தது. 1973 மே 22ஆம் நாள் மெட்காஃப் எழுதிய குறிப்பில் ஈதர்நெட் என்னும் பெயர் தோன்றியது. டேவிட் பாக்ஸ் அவருடன் இணைந்து அதனைக் கட்டமைத்தார். பேசுமுன் பிறர் பேசுகின்றனரா என்று கேட்டறிதல் இதன் சிறப்பு. சபை நாகரிகம் அறிந்தோர்க்கு இது புதியதன்று.

எங்கள் அறையில் நடந்தது மிக எளிது. சுவிட்ச் என்னும் சிறு பெட்டி ஒன்றை வாங்கினோம். மூன்று கணினிகளிலிருந்தும் கம்பிகளை அதில் செருகினோம். இத்தகைய செப்புக் கம்பி ஒன்று 100 மீட்டர் வரை செல்லலாம். எங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயரும் ஓர் எண்முகவரியும் அமைந்தன. ஒரு கணினியில் தொகுப்புக்கென ஒரு கோப்புறை திறந்து அதனைப் பொதுவாக்கினோம். அச்சுப்பொறியையும் அவ்வாறே பொதுவாக்கினோம். இதற்கு இணையத் தொடர்பு வேண்டுவதில்லை. வாடைக்காலப் புயலில் வெளித்தொடர்பு அற்றாலும், அறைக்குள் மின்சாரம் உள்ளவரை எங்கள் வலை அறுவதில்லை.

கோப்பைப் பகிர்தலும் அச்சுப்பொறியைப் பகிர்தலும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் கருத வேண்டும். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றைப் பலரும் வாங்கிச் செல்வதால் தாய்ச்செடி அழிவதில்லை. கோப்பும் அத்தகையது, நூறு பேர் படித்தாலும் குறையாது. அச்சுப்பொறியோ குடத்தோடு வரிசையில் நிற்கும் குழாயடி போன்றது. ஒருவர் முடித்த பின்னரே மற்றவர். ஆகவே கணினி, வருகின்ற அச்சுப் பணிகளை வட்டில் சேமித்து வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாக அனுப்புகிறது. அச்சுப்பொறி இணைந்த கணினி உறங்கினால் வரிசை முழுதும் நின்றுவிடும். பொதுப்பொருளைத் தன்பால் வைத்திருப்பவர் விழித்திருக்கக் கடமைப்பட்டவர்.

படித்தலால் குறையாத கோப்பு, எழுதுதலால் சிதையக்கூடும். எனவே யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதனை முன்கூட்டியே வகுத்தல் வேண்டும். சொல் சேகரிப்போர் அனைவருக்கும் படிக்கும் உரிமையும், தத்தம் கோப்புறையில் எழுதும் உரிமையும் அளித்தோம். முதன்மைத் தொகுப்பைத் திருத்தும் உரிமை இருவர்க்கே. அவர்கள் கடவுச்சொல் கொண்டு நுழைவர். வழிப்போக்கர்க்கான மடத்தில் திண்ணை எல்லார்க்கும் திறந்திருக்கும். களஞ்சியத்தின் சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். இதனை எவரும் கஞ்சத்தனம் என்று சொல்வதில்லை.

கதவைத் திறந்து வைத்துவிட்டால் பகிர்வு ஆகிவிடும் என்று எண்ணுவோர்க்கு 2017 மே 12ஆம் நாள் எச்சரிக்கையாக நிற்கிறது. வானாகிரை என்னும் தீநிரல், விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் முறையில் இருந்த ஒரு குறை வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளின் பணியும் தடைப்பட்டது. அக்குறையைச் சீர்செய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை உரிய காலத்தில் ஏற்றாத கணினிகளே பெரிதும் வீழ்ந்தன.

தமிழ்க் கோப்பு சென்று சேர்வதோடு வேலை முடிவதில்லை. தட்டச்சு நிலையங்களில் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட பக்கங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாடு இதற்குப் பொதுத்தரம் காண முயன்றது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. நாங்களும் பழைய பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே மூன்று கணினிகளும் ஒரே தமிழைப் பேசின.

இன்று முதன்மைத் தொகுப்பு ஒன்றே. அந்தக் காற்றின் பெயருக்கு எதிரே வடகடல் வழக்கும் தென்கடல் வழக்கும் அருகருகே நிற்கின்றன. பெரியவர்கள் படிப்பதற்கெனப் பெரிய எழுத்தில் அச்சிட்ட படியை மாதந்தோறும் கொடுத்து வருகிறோம். அவர்கள் மைக்கோலால் குறித்துத் தருகிறார்கள்.

ஒன்று சேர்த்தபின் ஒரே இடத்தில் மட்டும் வைத்தல் தகாது. 1964 டிசம்பரில் ஓரிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை இத்தீவு மறக்கவில்லை. ஆதலால் தொகுப்பின் மற்றொரு படியைப் பாலம் கடந்து, தீவுக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

மாணவத் தம்பி தங்கையரே, உங்கள் ஊரிலும் இத்தகைய சொற்கள் பெரியவர்களின் நாவில் உள்ளன. இரண்டு பழைய கணினியும் ஒரு கம்பியும் போதும், தொடங்கலாம். கருவியை இணைக்கும் நாளிலேயே முறையையும் வகுத்துக்கொள்ளுங்கள். பெரியோரே, நீங்கள் அறிந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உங்களிடம் இருப்பதற்கு இன்னும் வேறு படி எடுக்கப்படவில்லை.