கரியின் ஆறு நிலைகள்

'மை' என்னும் ஓரெழுத்து ஒருமொழியை வகுப்பில் விளக்கும்போது, அகராதி தரும் பொருள்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுவேன். கருமை, இருள், மேகம், கண்ணுக்கு இடும் அஞ்சனம், குற்றம், எழுதும் மை. ஏறக்குறைய எல்லாமே கருப்பைச் சுற்றி நிற்கும் பொருள்கள். அப்படியானால் 'பச்சை மை', 'சிவப்பு மை' என்று நாம் இயல்பாகச் சொல்பவையெல்லாம் சொல்லளவில் முரண்தொடர்களே. மை என்றாலே கருப்புத்தான். பிற வண்ணங்களுக்கு அந்தப் பெயரை நாம் பின்னாளில் இரவல் கொடுத்தோம். சுவைக்காக நான் சொல்லிவந்த இந்தச் செய்தி, சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு மேசைமேல் ஒரு நடைமுறைச் சிக்கலாக வந்து அமர்ந்துகொண்டது.

என்னிடம் இருப்பது ஆறு டேங்குகள் கொண்ட சாதாரண போட்டோ பிரிண்டர். அதில் இன்று நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஆறிலும் கருப்பு, ஒன்றைவிட ஒன்று நீர்த்த கருப்பு. பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தை அச்சிட்டு வாங்கிப்போகப் பென்டிரைவுடன் வரும் கல்லூரி நண்பர்கள், விஷயம் தெரிந்ததும், "கலர் மிஷின்ல கரியைக் கரைச்சு ஊத்தி வச்சிருக்கீங்களே சார்" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் வாசலில் நின்று சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் தந்தை தென்காசியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரிடம் 'ஆக்பா கிளிக் 3' என்ற எளிய கேமரா ஒன்று இருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கிச் சாரல் தொடங்கிவிட்டால், ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் குற்றாலத்துக்கு அந்தக் கேமராவும் போகும். எடுத்த படங்களை வீட்டிலேயே ஜன்னலை அடைத்து, சிவப்பு விளக்கில், நெகட்டிவைத் தாள்மேல் நேராக வைத்து அச்சிடுவார். அந்தத் தாள் ஊட்டியில் தயாரானது. 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' தாள். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது, அப்பாவும் இல்லை. தகரப் பெட்டி ஒன்றில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் மட்டும் எஞ்சின.

அவற்றுள் ஒன்று, 1974-ஆம் ஆண்டுச் சாரலின்போது ஐந்தருவிக்கரையில் எடுத்தது. என் அம்மாவும், ஆறு வயது அக்காவும். அடுத்த ஆண்டு மூன்று நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். நான் பிறந்தது அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து. அப்பா அச்சிட்டுச் சட்டமிட்ட படத்தைப் பின்னாளில் கரையான் அரித்துவிட்டது. அவள் முகம் தெளிவாக இருக்கும் நெகட்டிவ் அந்த ஒன்றுதான். ஆக, உடன்பிறந்தவள் என்று நான் அறிந்தது மூன்றங்குலச் சதுரம்கூட நிரம்பாத ஒரு சாம்பல் நிறத் துண்டு.

அதை ஒரு கலர் லேபில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கினோம். கருப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத் தாளிலேயே அச்சிடுவது அங்கெல்லாம் வழக்கம். சில ஆண்டுகளில் அது செம்பழுப்பாக மாறத் தொடங்கியது. பிறகு நான் பிரிண்டர் வாங்கி, நெகட்டிவை ஸ்கேன் செய்து, அதனுடன் வந்த வண்ண மைகளிலேயே அச்சிட்டுப் பார்த்தேன். பகலில் ஜன்னலருகே வைத்துப் பார்க்கையில் குறையொன்றும் தெரியவில்லை. இரவு குழல்விளக்கின் கீழ் மெலிதாகப் பச்சை பாய்ந்திருந்தது. அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்: "பகல்ல நல்லாத்தான் இருக்கா. ராத்திரி லைட்டப் போட்டா, மேலுக்குச் சரியில்லாத பிள்ள மாதிரில்லா இருக்கா."

அக்கா இறந்தது ஓர் இரவில். அந்தச் சொல்லுக்குப் பின் படத்தைச் சுவரில் விட்டுவைக்க முடியவில்லை.

இதன் காரணம் எளிமையானது. வண்ண அச்சுப்பொறி சாம்பல் நிறத்தைச் 'செய்கிறது'. அதனிடம் சாம்பல் நிறம் இல்லை. பச்சைநீலம், ஊதாச்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று சாயங்களின் புள்ளிகளை ஓர் அளவில் கலந்து வைத்தால் நம் கண் அதைச் சாம்பல் என்று ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த ஏற்பு ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்துக்கு மட்டுமே உரியது. சூரிய ஒளியும் குழல்விளக்கும் குண்டுபல்பும் தம்முள் கொண்டிருக்கும் வண்ணங்களின் விகிதம் வேறு வேறு. வெளிச்சம் மாறினால் மூன்றுக்கும் இடையிலிருந்த உடன்பாடு குலைகிறது. ஏதோ ஒரு வண்ணம் மேலே வந்து தலைகாட்டுகிறது. காலமும் இதையே செய்யும். ஒளியும் காற்றும் மூன்று சாயங்களையும் மூன்று வேகத்தில் வெளிறச் செய்கின்றன. எது முந்தி வெளிறுகிறதோ அதைப் பொறுத்து முகம் சிவப்பாகவோ பச்சையாகவோ திரியும்.

அப்பாவின் தாளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இருந்தது ஒரே பொருள், வெள்ளியின் நுண்துகள். அடர்த்தியாக இருந்தால் கருப்பு, கொஞ்சமாக இருந்தால் சாம்பல், இல்லாவிட்டால் வெள்ளை.

அப்படியானால் கருப்பு மையை மட்டும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அதற்கும் வழியுண்டு, பிரிண்டரிடம் அப்படிக் கட்டளையிட்டால் பச்சை ஓடிவிடும். வேறொன்று போய்விடுகிறது. அடர்ந்த ஒரே கருப்பைக்கொண்டு வெளிர் சாம்பலைக் காட்ட வேண்டுமென்றால் புள்ளிகளை விலக்கி விலக்கித்தான் வைக்க வேண்டும். ஐந்தருவிப் படமோ பாதிக்கு மேல் நீர்த்திவலை. அருவியின் வெண்மையில் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் விழுந்தன. அக்காவின் கன்னமும் அப்படியே.

இந்த இடத்தில்தான் தனிக் கருப்பு மைகள் வருகின்றன. வெளிநாட்டில் இதற்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் அச்சுக்கூடம் நடத்திய ஜான் கோன், 2000-ஆம் ஆண்டு வாக்கில் 'பியசோகிராபி' என்ற பெயரில் கருப்பின் பல அடர்த்திகளைக்கொண்ட மை வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பால் ரோர்க் என்பவர் கரி நிறமியை வீட்டிலேயே எந்த விகிதத்தில் நீர்க்கச் செய்யலாம் என்ற கணக்குகளை யாரும் எடுத்தாளும்படி வெளியிட்டார். ராய் ஹாரிங்டன் எழுதிய 'குவாட்டோன் ரிப்' என்ற மென்பொருள், எந்த டேங்கில் எந்தக் கருப்பு இருக்கிறது என்பதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கிறது. எப்சன் போன்ற பிரிண்டர்களின் தலை மையைச் சூடாக்கிக் கொதிக்கவைத்துத் தெறிக்கச் செய்வதில்லை. மின்னழுத்தத்தில் நெளியும் ஒரு படிகத்தால் உந்தித் தள்ளுகிறது. அதனால் அந்நிய மையையும் அது பெரிதாக முரண்டு பிடிக்காமல் ஏற்கும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் டேங்கில் முழுக் கரி. மற்ற ஐந்திலும் அதே கரி, படிப்படியாக நீர்த்து. வெள்ளையிலிருந்து கருப்புவரை ஐந்து ஐந்து விழுக்காடாக ஏறும் இருபத்தொரு கட்டங்களை முதலில் அச்சிட வேண்டும். அது உலர்ந்தபின் ஸ்கேனரால் அளந்து, எந்தக் கட்டம் எதிர்பார்த்ததைவிடக் கருத்திருக்கிறது, எது வெளுத்திருக்கிறது என்று கணக்கிட்டுத் திருத்த வேண்டும். இதை நாலைந்து முறை செய்த பிறகே ஒரு முகத்தை அச்சிடத் துணியலாம். யாப்புப் படித்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. சீர்களை அலகிட்டுத் தளை தட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பதைப் போன்றதுதான்.

இடர்ப்பாடுகளையும் சொல்ல வேண்டும். சாயம் நீரில் கரைந்துவிடும். கரி கரையாது, மிதக்கும். ஒரு வாரம் சும்மா விட்டால் அடியில் படியும், நுண்துளைகளை அடைக்கும். பங்குனி வெயிலில் இந்த ஆபத்து அதிகம். அக்காலத்தில் நாளுக்கு ஒரு பக்கமாவது அச்சிட்டுவிடுகிறேன். சாரல் காலத்தில் வேறு கதை. மை நன்றாக ஓடும், ஆனால் தாள் ஈரத்தை உறிஞ்சி நெளிந்துகொள்ளும். தென்காசியில் ஆனி, ஆடி மாதங்களில் தாளைக் கட்டுப் பிரிக்காமல் காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டியிருக்கிறது. பளபளப்புத் தாளில் இந்த மை சரியாக உட்காராது. மேலேயே நின்று, உரசினால் வந்துவிடும். வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்காத, மங்கலான பருத்தித் தாளே ஏற்றது. அது மலிவன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை இப்படி மாற்றிய பிரிண்டரில் வண்ணப் படம் அச்சிட முடியாது. வீட்டில் ஒரு வசதியை விட்டுக்கொடுத்துத்தான் இதைப் பெற வேண்டும்.

இன்னொன்று, கரி நாம் நினைக்கும் அளவுக்கு நடுநிலையான கருப்பு அன்று. நீர்த்த நிலையில் அது சற்றே பழுப்பை நோக்கிச் சாயும். பலர் அதில் துளி நீல நிறமி சேர்த்துச் சரிசெய்கிறார்கள். நான் சேர்க்கவில்லை. அந்தப் பழுப்பு எந்த விளக்கின் கீழும் அதே பழுப்பாக இருக்கிறது. எனக்கு அது போதும்.

தமிழ் படித்தவனுக்கு இந்தக் கரி புதிய பொருளுமன்று. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் மஞ்சளையும் சேர்த்துத் தடவித் துடைத்தால், கீறலில் தங்கிய கருமை எழுத்தாக எழுந்து நிற்கும். இதற்கு மையாடல் என்று பெயர். நம் இலக்கியம் எத்தனையோ நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது படியெடுத்தவர்களின் உழைப்பால் என்பது உண்மை; ஒவ்வொரு படியிலும் அதைக் கண்ணுக்குக் காட்டியது புகைக்கரி. ஓலை செல்லரித்துப்போகும், ஒடிந்துபோகும். கரி வெளிறிப்போனது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேதியியலார் இதையே, கரி எளிதில் எதனோடும் வினைபுரியாது என்று சொல்கிறார்கள்.

ஆறு கரியிலும் சரியாக வந்த முதல் படத்தைச் சென்ற ஆண்டு சாரலின்போது அம்மாவிடம் கொடுத்தேன். எண்பதை நெருங்குகிறாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அருவியின் வெண்மைக்குள், இருவருக்கும் நடுவே, ஓரிடத்தில் விரலை வைத்தாள். நீர்த்திவலைக்குப் பின்னால், ஐந்தாறு விழுக்காடு சாம்பலில், அவளுடைய கை அக்காவின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. அப்பாவின் பழைய படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளையாக எரிந்துபோயிருந்ததாம். பிள்ளையை அன்று தனியாக நிற்கவிட்டதாகவே அவள் நினைவு. "பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றாள். பிறகு படத்தை எங்கே மாட்ட வேண்டும் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தக் கை எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் திரையில் தெரிவது நமக்கு ஒரு தகவல். சுவரில் பகலும் இரவும் மாறாமல் இருப்பது வேறு.

குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், ஆலங்காட்டில் இரத்தினம் என்று எண்ணிவருகையில் ஐந்தாவது இது. மற்ற இடங்களில் சிலையாக ஆடுபவர் இங்கே சுவரோவியமாக ஆடுகிறார். பஞ்சசபைகளில் எளிதில் அழியக்கூடிய பொருளை ஏற்றது இந்த ஒன்றுதான். அதுவும் ஆண்டில் பாதி நாள் ஈரக்காற்று வீசும் ஊரில். அங்கே போகும்போதெல்லாம், இதைக் காப்பாற்ற வேண்டுமே என்று தலைமுறைதோறும் யாரோ ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார் என்ற எண்ணம் வரும். என் பிரிண்டர் அத்தகைய பெரிய காரியம் எதையும் செய்யவில்லை. ஒரு வீட்டின் ஒரு முகத்தை நல்ல பொருளில் எழுதிவைக்கிறது, அவ்வளவே.

ஆனால் அத்தகைய முகங்கள் நம் ஊர்களில் ஏராளம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்படிகளாக்கியிருக்கிறது. நல்ல பணி. எனினும் எந்த நிறுவனமும் ஒவ்வொரு வீட்டுத் தகரப்பெட்டிக்கும் வர இயலாது. எல்லோரும் பிரிண்டரில் கரி ஊற்ற வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பொறுமையும் கொஞ்சம் பணமும் வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழிக்கையில் பழைய நெகட்டிவ் உறைகள் அகப்பட்டால், குப்பையில் சேர்க்குமுன் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூசணம் பிடித்தவற்றைத் தனியே பிரித்து, மற்றவற்றை நல்ல காகித உறையில் ஈரம்படாத இடத்தில் வையுங்கள். அச்சிடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.