இன்ஜினியருக்குப் படிச்சிட்டு சர்க்கஸ்

எங்கள் வீடுகளில் ‘சர்க்கஸ் காட்டாத’ என்பது ஒரு திட்டு. சைக்கிளில் கையை விட்டு ஓட்டினாலும் அதுதான், சுவரில் ஏறினாலும் அதுதான். ஈப்போவில் நாங்கள் ஆறு பேர் ஞாயிறு மாலைகளில் பந்து வீசிப் பிடிக்கவும் கோல் சுழற்றவும் கூடத் தொடங்கியபோது அப்பாவும் கேட்டார்: “இன்ஜினியருக்குப் படிச்சிட்டு சர்க்கஸ் காட்டுறியாடா?”

இத்தனைக்கும் அவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவில், இரண்டு முனையிலும் தீ எரியும் கம்பைச் சுழற்றியவர். வெள்ளைக்காரர்கள் இப்போது அதையே சர்க்கஸ் கலை என்று வகுப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள் என்றேன். “அது சாமி காரியம்பா. இது வேற.”

வேறல்ல என்பதற்குத் தலச்சேரிதான் சாட்சி. அங்கே தற்காப்புக் கலையும் உடற்பயிற்சியும் கற்பித்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். இந்திய சர்க்கஸின் கூடாரங்களைப் பல தலைமுறைகள் நிரப்பியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 1998இல் புலி, சிங்கத்துக்குத் தடை வந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் சிறுவர்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. இரண்டும் வரவேண்டிய தடைகள்தான். ஆனால் அவற்றை நம்பியிருந்த கூடாரங்கள் தளர்ந்தன.

புதிய சர்க்கஸுக்கு விலங்கு வேண்டாம், சில சமயம் கூடாரமும் வேண்டாம். கம்போடியாவின் பத்தம்பாங்கில், அகதி முகாமிலிருந்து திரும்பிய ஒன்பது இளைஞர்கள் 1994இல் ஒரு கலைப்பள்ளி ஆரம்பித்தார்கள். பிறகு அதில் சர்க்கஸும் சேர்ந்தது. அங்கே படித்தவர்கள் தங்கள் நாட்டின் போரையும் பசியையும் உடம்பாலேயே கதையாக்கி ஆடுகிறார்கள். குட்டிக்கரணம் யாரும் அடிக்கலாம். என்னை இழுத்தது அந்தக் கதைதான்.

எங்களிடம் என்ன கதை இருக்கிறது? குழுவில் ஒரு தங்கச்சி, காண்டாக் கம்பில் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு சாய்வுப் பலகையில் நடந்து பழகுகிறாள். அவளுடைய பாட்டி முப்பது வருஷம் பால் வாளி சுமந்தவர். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “தோள ஆட்டாத. இடுப்புல நட. மேட்டுக் காட்டுல பால் சிந்துனா அன்னிக்குச் சம்பளம் போச்சு” என்றார். அதன் பிறகு தண்ணீர் சிந்துவது குறைந்தது. எந்த யூடியூப் காணொளியிலும் இந்தப் பாடம் கிடையாது.

இடம்தான் சிக்கல். தோட்டத்தில் கோயில் திடல் இருந்தது, நூறு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், கம்பு கைநழுவினால் சிரித்துவிட்டு மறுவருஷமும் வருவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது அந்தக் கூட்டமும் கலைந்துபோனது. எங்களுக்குக் கிடைத்த மண்டபத்தில் தாழ்வான கூரை, அதில் நாலு காற்றாடி. பந்து காற்றில் இருக்கும் நேரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் உயரம் நாலு மடங்காக வேண்டும். மூன்று பந்து வரைக்கும் காற்றாடி தப்பிக்கும், ஐந்துக்கு வெளியேதான் போகவேண்டும். ஈப்போ மழையைத்தான் தெரியுமே, சாயங்காலமானால் கொட்டும்.

போன வாரம் அப்பா காரிலேயே உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார். திரும்பும் வழியில் கேட்டார்: “அந்தப் பையன் கம்ப ஏன் நடுவுல புடிக்கிறான்?”