ஒரு பந்தயக் கணக்கு

1974 அக்டோபரில் ஒரு பந்தயத்தில் தோற்றேன். ஒரு மாதக் காலைக் காப்பிதான் பணயம். தோற்றதில் வருத்தமில்லை. ஏன் தோற்றேன் என்பது தெரியப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. தெரிந்தபோது, ஜெயித்தவனும் சரியாகச் சொல்லி ஜெயிக்கவில்லை என்பதும் சேர்ந்து தெரிந்தது. ஒரு பாணியைப் பார்த்து அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் துணிவது நம் வட்டத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். எனக்கு அது வேலையாகவே இருந்தது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

அப்போது நானும் ஒரு நண்பனும் திருவல்லிக்கேணியில் ஒரே அறையில் இருந்தோம். அவன் கவிதை எழுதினான். நான் அவனுடையதையும் சேர்த்து எல்லோருடையதையும் பற்றி அபிப்பிராயம் எழுதினேன். குத்துச்சண்டை எங்களுக்கு வந்து சேர்ந்தது பேப்பர் செய்திகளாகவும், பழைய புத்தகக் கடையில் எடைக்கு விழுந்த அமெரிக்க வாரப் பத்திரிகைகளின் புகைப்படங்களாகவும்தான். உலக இலக்கியமும் அந்த வழியாகத்தான் வந்தது என்பதால் இதில் குறையொன்றும் தோன்றவில்லை. அன்றைய ஜயீரில், கின்ஷாஸாவில், முகம்மது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதப்போகிறார்கள் என்றதும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டோம். முதலில் செப்டம்பர் 25 என்று குறித்திருந்தார்கள். பயிற்சியில் ஃபோர்மனுக்குக் கண்ணுக்கு மேல் வெட்டு விழுந்து அக்டோபர் 30க்குத் தள்ளிப்போயிற்று. வாதம் பண்ண எங்களுக்கு இன்னும் ஐந்து வாரம் கிடைத்தது.

என் கட்சி சுலபமானது. 1971 மார்ச்சில் நியூயார்க்கில் ஜோ ஃபிரேஸியர் பதினைந்து ரவுண்டில் அலியைத் தோற்கடித்தார். கடைசி ரவுண்டில் இடது ஹூக்கால் தரையில் கிடத்தினார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். இருவரையும் அலி பிறகு திரும்ப வென்றார் என்றாலும் புள்ளிக்கணக்கில்தான், கடைசி மணி வரை போராடித்தான். அதே ஃபிரேஸியரை 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஆறு முறை வீழ்த்தி இரண்டாம் ரவுண்டில் முடித்தார். அதே நார்ட்டனை 1974 மார்ச்சில் கராகஸில், அதுவும் இரண்டாம் ரவுண்டில். ஃபோர்மனுக்கு வயது 25, அலிக்கு 32. ஃபோர்மன் ஆடிய 40 சண்டையும் வெற்றி. அதில் 37 நாக்கவுட். அலியைத் தோற்கடித்தவர்களை நசுக்கியவரிடம் அலிக்கு என்ன கதி என்று கேட்டேன்.

"கதி என்ன கதி? அவன் கையிலே அகப்பட்டாத்தானே?" என்றான் நண்பன். அலி சுற்றிச் சுற்றி ஆடுவார், ஃபோர்மன் காற்றைக் குத்திக் களைப்பார், அவ்வளவுதான் என்றான். அதை வாதம் என்றுகூடச் சொல்ல முடியாது. அலியை அவனுக்குப் பிடிக்கும்.

கின்ஷாஸாவில் விடியற்காலை நான்கு மணிக்கு நடந்த சண்டை, நமக்குக் காலை எட்டரை. மறுநாள் பேப்பரில், எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் விழுந்ததாகச் செய்தி. நண்பன் பேப்பரை மடித்து என் பக்கம் நகர்த்தினான். "நீ ஆட்டத்தைப் பாக்கலே. ஜாபிதாவைப் பாத்தே" என்றான்.

அது உறைத்தது. ஒருவரின் பாணி அவர் மடியில் முடிந்து எடுத்துப்போகும் காசு அல்ல. எதிரே நிற்பவரைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது. ஃபிரேஸியர் குனிந்து, தலையை ஆட்டியபடி உள்ளே புகுந்து, இடது ஹூக் போடுபவர். அலி கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தலைக்கு வரும் அடியைப் பின்னால் சாய்ந்து தவிர்ப்பவர். அப்படிச் சாயும் தலையை வளைந்து வந்து தேடிப் பிடிக்கிறது ஹூக். ஆகவே ஃபிரேஸியர் அலிக்கென்றே வாய்த்த தொல்லை. ஆனால் அதே குனிந்த தலை ஃபோர்மனிடம் போகும்போது, கீழிருந்து மேலே எழும் அவருடைய அப்பர்கட் எங்கே போய்ச் சேரவேண்டுமோ அங்கே தானாக வந்து நிற்கிறது. உள்ளே புகுந்தால்தான் ஃபிரேஸியருக்குப் பிழைப்பு. உள்ளே வருகிறவரை இரண்டு கையாலும் தள்ளி, தனக்குத் தோதான தூரத்தில் நிறுத்தி அடிப்பது ஃபோர்மனின் வேலை. கிங்ஸ்டனில் நடந்தது இந்த இருவரைப் பற்றிய செய்தி. அலியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. தனித்தனியான உறவுகளை நான் ஒரே ஏணியின் படிகளாக அடுக்கியிருந்தேன்.

இப்படி என் தவறை ஒப்புக்கொண்டு, நண்பனுக்கு ஏதோ உள்ளுணர்வு இருந்தது என்றும் ஒப்புக்கொண்டு, பல வருஷம் ஓட்டினேன். 1987ல் உறவினர் ஒருவர் வீட்டில் அந்தச் சண்டையை வீடியோ கேசட்டில் முழுதாகப் பார்த்தேன். அலி ஆடவில்லை. முதல் ரவுண்டில் வலது கையாலேயே ஆரம்பித்து அடிக்கிறார். வலது கை பின்னால் இருக்கும் கை; அது வந்துசேரத் தூரம் அதிகம், எதிராளி திருப்பி அடிக்க அவகாசமும் அதிகம். இடது கையின் ஜாப் முன்னால் போய் வழி திறக்காமல் அதை அனுப்புவது ஆபத்து. அலி அனுப்புகிறார், அடிகளும் விழுகின்றன, ஃபோர்மன் விழவில்லை. நகர்ந்து பிழைக்கவும் வழியில்லை. ஃபோர்மன் குறுக்கே ஓர் எட்டு வைத்து மூலையை அடைத்தால், தப்பிக்க அலி இரண்டு எட்டு வைக்க வேண்டியிருக்கிறது. நண்பன் சொன்னபடி ஆடியிருந்தால் களைத்துப்போவது அலியாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது ரவுண்டில் அலி கயிற்றில் போய்ச் சாய்கிறார். நானும் நண்பனும் தகராறில்லாமல் ஒப்புக்கொண்டிருந்த ஒரே விஷயம், கயிற்றில் மாட்டினால் அலி தீர்ந்தார் என்பது. அங்கேதான் அவர் ஜெயித்தார். கயிறு தளர்ந்திருந்ததால் உடம்பு பின்னால் வளைந்து தலை எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறது. ஃபோர்மனின் வளைந்து வரும் பெரிய அடிகள் முழங்கையிலும் புஜத்திலும் விழுந்து செலவாகின்றன. கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் அலி அவர் கழுத்தை அழுத்தித் தன் எடையைச் சுமக்கவைக்கிறார். நடுநடுவே நேர்க்குத்துக்கள் முகத்தில். எட்டாவது ரவுண்டு முடியும் தறுவாயில் அலி கயிற்றை விட்டுத் திரும்பி அடித்த அடிகளில், கடைசி வலது கைக்கு, ஃபோர்மன் சுற்றிக்கொண்டு விழுகிறார்.

ஜாபிதாவைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. 40ல் 37 போக மூன்று மிச்சம் இருந்தது. அதில் ஒன்று 1970ல். அர்ஜெண்டீனாவின் கிரிகோரியோ பெரால்ட்டா, ஃபோர்மனைவிட மிகவும் மூத்தவர், உடம்பிலும் சிறியவர், பத்து ரவுண்டும் நின்று புள்ளியில்தான் தோற்றார். ஃபோர்மனின் கடைசி எட்டுச் சண்டையில் ஒன்றுகூட இரண்டாம் ரவுண்டைத் தாண்டவில்லை என்பதைப் பலம் என்று குறித்துக்கொண்டேன். மூன்றாவது ரவுண்டின் ருசியே அவருக்கு மறந்திருக்கலாம் என்று தோன்றவில்லை. ஆனால் நண்பன், நான் இருவரின் பெரிய தவறு வேறு. கணிக்கிறவன் இரண்டு பாணிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறான். அந்தப் பாணிக்குச் சொந்தக்காரனும் ஒரு வாசகன் என்பதை மறந்துவிடுகிறான். அவன் எதிராளியைப் படித்து, இரண்டு ரவுண்டுக்கு இடையிலுள்ள ஒரு நிமிஷத்தில் தன் பாணியையே கழற்றி வைத்துவிடலாம்.

1976ல் நண்பனின் முதல் தொகுதிக்கு விமர்சனம் எழுதினேன். ஒரே வீச்சில் முடியும் சிறு கவிதைதான் அவன் பலம், நீண்ட மூச்சு அவனுக்கு இல்லை, அடுத்த தொகுதியும் இப்படியேதான் இருக்கும் என்று எழுதினேன். கிங்ஸ்டனை வைத்துக் கின்ஷாஸாவைச் சொன்ன அதே கை. அடுத்த தொகுதி வரவில்லை. என் விமர்சனம்தான் காரணம் என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு அகம்பாவம் இல்லை. கல்யாணம், உத்தியோகம், வடக்கே மாற்றல் எல்லாம் இருந்தன. ஆனால் என் கணிப்பை அவன் பொய்யாக்குகிறானா என்று நான் காத்திருக்கவில்லை. பந்தயத்தின்போதாவது மறுநாள் பேப்பர் வரும்வரை காத்திருந்தேன்.

கயிற்றில் வாங்கிய அடிகளுக்கான கணக்கு வேறிடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அடியைத் தாங்கி ஜெயிக்கலாம் என்ற பாடத்தை அலி அதன்பின் விடவில்லை. 1975ல் மணிலாவில் ஃபிரேஸியரோடு பதினான்கு ரவுண்டு. 1980ல் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு. 1984ல் பார்க்கின்ஸன் வியாதி என்று தெரிந்தது. அடிகள்தான் காரணமா என்பதில் வைத்தியர்களுக்குள் ஒரே அபிப்பிராயம் இல்லை. காத்திருக்கத் தெரியாதவர் என்று நான் முடிவுகட்டியிருந்த ஃபோர்மனோ, 1994 நவம்பரில், 45 வயதில், மைக்கேல் மூரரிடம் ஒன்பது ரவுண்டு அடி வாங்கிப் புள்ளியில் பின்தங்கி நின்று, பத்தாவதில் ஒரு வலது கையால் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

1996 ஜூலையில் அட்லாண்டாவில் அலி ஒலிம்பிக் தீபத்தை ஏந்தி நின்றதை டெலிவிஷனில் காட்டினார்கள். கை நடுங்கியது. அன்று நண்பன் எஸ்.டி.டி.யில் கூப்பிட்டான். பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"அந்தக் காப்பிக் காசைத் திருப்பித் தந்துடட்டுமா? நீ சொன்னதுதான் நடந்திருக்கு. கொஞ்சம் லேட்டா."

வேண்டாம் என்றேன். ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்கு. நீளமா வந்திருக்கு. உனக்கு அனுப்பமாட்டேன்" என்றான்.

அலி 2016லும் ஃபோர்மன் 2025லும் காலமானார்கள். அந்தக் கவிதையை நான் இன்னும் பார்க்கவில்லை.