பார்ஸிலோனாவில் ஒரு பகல்

கப்பல் பிரயாணத்தில் ஒரு சௌகரியமும் உண்டு. ஓர் அசௌகரியமும் உண்டு. பட்டணங்கள் தாமே வந்து நம் வாசலில் நிற்பது சௌகரியம். மாலை ஐந்து மணிக்குள் அவற்றிடம் விடை பெற்றாக வேண்டும் என்பது அசௌகரியம். காலை எட்டு மணிக்குப் பார்ஸிலோனாத் துறைமுகத்தில் இறங்கியபோது நம் கையில் ஒன்பது மணி நேரமே இருந்தது. ஸ்பெயின் தேசத்தின் இரண்டாவது பெரிய நகரத்தை அதற்குள் பார்த்து முடிப்பதென்பது, ரயில் நிற்கும் நேரத்தில் ராமாயணம் முழுவதும் கேட்க ஆசைப்படுவது போலத்தான். ஆயினும் நாம் துணிந்துவிட்டோம். நம் சகதர்மிணி நம்மைவிட அதிகமாகத் துணிந்துவிட்டாள்.

இந்தப் பட்டணத்தின் பெயர் நமக்குப் புதிதல்ல. பால்யத்தில், இராச் சாப்பாடு ஆனதும் நம் தகப்பனார் தேச சரித்திரத்தைக் கதை கதையாகச் சொல்வார். அவற்றில் ஒன்று: 1938-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஜவாஹர்லால் நேரு, கிருஷ்ண மேனனுடன் பார்ஸிலோனாவுக்குச் சென்று ஐந்து நாள் தங்கினார், இரவுதோறும் ஆகாயத்திலிருந்து குண்டுகள் விழக் கண்டார் என்பது. நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாம் தெரியும் என்ற எண்ணம். "நம் நாடே அடிமைப்பட்டுக் கிடந்தபோது அயலார் சண்டையைப் பார்க்க அவர் ஏன் போகிறார்? இது நீங்களாகக் கட்டிய கதை, அப்பா" என்று பரிகசித்தோம். தகப்பனார் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கதையை மட்டும் மறுபடி சொல்லவுமில்லை. பல வருஷங்களுக்குப் பின், நேரு 1944-இல் அகமத்நகர்க் கோட்டைச் சிறையில் எழுதிய நூலில் அந்த ஐந்து நாட்களைப் பற்றி நாமே படித்தோம். அப்போது மன்னிப்புக் கேட்கத் தகப்பனார் இல்லை.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்படுபவர் கொலம்பஸ். 1888-இல் நாட்டிய அறுபது மீட்டர் உயரத் தூணின் உச்சியில் நின்றுகொண்டு, கையை நீட்டிக் கடலைச் சுட்டுகிறார். அவர் சுட்டும் பக்கம் அமெரிக்கா இல்லை என்று ஊராரே சிரிக்கிறார்கள். 1492-இல் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வேறெங்கோ கரை சேர்ந்தவர்தாமே! மறு வருஷம் திரும்பி வந்து, இந்தப் பட்டணத்தில்தான் அரசனிடமும் அரசியிடமும் தம் பிரதாபத்தைச் சொன்னார். நம் நாட்டைத் தேடியவர் வழி தவறியதில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அங்கிருந்து மேலே ஏறும் சாலைக்கு ராம்ப்லா என்று பெயர். இரு புறமும் மரங்கள். நடுவே நடப்பவர்களுக்கென்றே அகன்ற பாதை. பூக்கடைகள், வேடிக்கைக்காரர்கள், ஜேப்படித் திருடர்களைப் பற்றிய எச்சரிக்கைகள் எல்லாம் உண்டு. ஒன்று மட்டும் சொல்லிவிட்டு அப்பால் போகிறோம். தெருப் பெயர்ப் பலகைகள் ஸ்பானிஷ் பாஷையில் இல்லை. கத்தலான் பாஷையில் இருக்கின்றன. சர்வாதிகாரி பிராங்கோ 1975-இல் இறக்கும் வரை ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் காரியாலயத்திலும் இடமில்லாதிருந்த பாஷை அது. இப்போது மூலைக்கு மூலை தலை நிமிர்ந்து நிற்கிறது.

சகதர்மிணி பார்க்க விரும்பியது ஒன்றே: சக்ராதா பமீலியா என்னும் மகா தேவாலயம். 1882-இல் தொடங்கி இன்னும் கட்டி முடியாத கோயில் அது. சுரங்க ரயிலேறிப் போய்ச் சேர்ந்தால், அன்றைய அநுமதிச் சீட்டுகள் அத்தனையும் விற்றுத் தீர்ந்திருந்தன. முன்கூட்டியே வாங்காதது முழுக்க முழுக்க நம் அசிரத்தை. வெளியே நின்று கோபுரங்களை அண்ணாந்து பார்த்தோம். கல்லில் ஆமை ஒன்று தூணைச் சுமக்கிறது; கிளிஞ்சல்கள், இலைகள், பறவைகள் எல்லாம் சுவரில் முளைத்திருக்கின்றன.

"இதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தோம்?" என்றாள் சகதர்மிணி. பதில் சொல்லும் தைரியம் நமக்கு இல்லை.

சமாதானத்துக்கு ஒரு சிற்றுண்டிச் சாலையில் நுழைந்தோம். வாட்டிய ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவித் தந்தார்கள். இவ்வூரார் இதைப் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள். "ஒரு பச்சை மிளகாயும் இருந்தால் சாப்பிடலாம்" என்பது சகதர்மிணியின் அபிப்பிராயம். ஆனால் மூன்று துண்டுகள் சாப்பிட்டாள்.

அந்தக் கோயிலைக் கட்டிய சிற்பி அந்தோனி கௌதி, மாலை வேளைகளில் பழைய நகரத்துச் சின்னக் கோயில் ஒன்றுக்குப் பிரார்த்தனைக்கு நடந்து போவாராம். 1926 ஜூன் 7-ஆம் தேதி அப்படிப் போகையில் டிராம் வண்டி மோதிற்று. கந்தல் உடையைப் பார்த்து யாரோ பிச்சைக்காரர் என்று எண்ணிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலமானார். "பெரிய கோயில்தான் கிடைக்கவில்லை, அவர் போய்ச் சேராத சின்னக் கோயிலுக்காவது போவோம்" என்றோம்.

ஸாந்த் பெலிப் நேரி என்பது அதன் பெயர். பெயரின் கடைசிப் பகுதி காதில் விழுந்ததும் நமக்கு ஒரு கணம் மெய் சிலிர்த்தது உண்மை. மற்றபடி அந்த நேரி இத்தாலிய மகான். கதீட்ரலுக்குப் பின்னால், இருவர் சேர்ந்து நடக்க இடமில்லாத சந்துகளில் திரும்பித் திரும்பிப் போனால், திடீரென்று ஒரு சிறு முற்றம். நடுவே ஒரு நீரூற்று. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கு அதுதான் விளையாட்டு மைதானம். நாம் போனபோது இடைவேளை. கூச்சல் ஆகாயத்தைப் பிளந்தது.

கோயிலின் முகப்புச் சுவரைப் பார்த்தோம். தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வரை குழி குழியாகப் பெயர்ந்திருக்கிறது. அம்மை வார்த்த முகம் என்றால் நம் ஊரில் புரியும்.

1938 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. பிராங்கோவுக்குத் துணை நின்ற இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. கோயிலின் நிலவறையில் ஒளிந்திருந்தவர்களில் 42 பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். யுத்தத்துக்கு அஞ்சி வேறு ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட குழந்தைகளும் அவர்களில் உண்டு. ஓராண்டுக்குள், 1939 ஜனவரி 26-இல், பட்டணமே பிராங்கோவிடம் வீழ்ந்தது. பிறகு, இவை துப்பாக்கியால் ஆட்களை நிறுத்திச் சுட்ட தடங்கள், எதிர்க்கட்சியார் செய்த அக்கிரமம் என்று கதை பரப்பினார்கள். இடிந்த முற்றத்தைச் சீர்செய்தபோது வேறு தெருக்களிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அழகாக அமைத்தார்கள். இந்தச் சுவரை மட்டும் பூசவில்லை. நடந்ததைச் சொல்லும் சிறு பலகை ஒன்று இப்போது அதில் பதித்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தாம் மாதம் நேரு இந்தப் பட்டணத்தில் இருந்தார். பசியும் அழிவும் சூழ்ந்த இவ்விடத்தில், ஐரோப்பாவில் வேறெங்கும் காணாத மன அமைதி தமக்குக் கிட்டியதாக எழுதியிருக்கிறார். குடியரசுக்காக இங்கே நடந்த போரும் நம் சுதந்திரப் போரும் வேறல்ல என்பது அவர் எண்ணம். பன்னிரண்டு வயதில் நாம் கேட்ட கேள்விக்கு அதுவே பதில். தகப்பனாருக்கு அது தெரிந்திருக்கும். அவரைச் சொல்ல விடாமல் நாம்தாம் வாயை அடைத்தோம்.

சகதர்மிணி சுவரருகே போய் ஒரு குழியில் விரலை வைத்தாள். விரல் பாதி உள்ளே போயிற்று. அச்சமயம் பந்து ஒன்று சுவரில் மோதி அவள் காலடியில் உருண்டது. ஆறு வயதுப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்து, ஏதோ சொல்லிக் கையை நீட்டினான். பந்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மறுபடியும் அதே சுவரில் உதைத்தான்.

கப்பலேறும்போது மணி நாலே முக்கால். கொலம்பஸின் கை கண்ணுக்கு மறையும் வரை மேல்தட்டில் நின்றோம். கோயில் பார்க்காத குறையைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை.

"அந்தக் கதையை மாமா எப்படித் தொடங்குவார்? எனக்கு ஒரு முறை சொல்லுங்கள்" என்றாள்.

சொன்னோம்.